அனுசுயாவின் நாலு ஸ்குரூ

முப்பது வருஷம் பஸ்ஸில் ‘உள்ளே போ, உள்ளே போ’ என்று கத்திய கண்டக்டர் நான். எங்கள் வீட்டு அடுக்களைக்கு உள்ளே மட்டும் போனதே கிடையாது. என் மனைவி அனுசுயாவுக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்தது. முதுகெலும்பில் நாலு ஸ்குரூ, ரெண்டு கம்பி. அன்றைக்கு வீரமாகச் சபதம் போட்டேன்.

“மூணு மாசம் நீ துரும்பக்கூட அசைக்க வேணாம். நான் இருக்கேன்!”

குனியக் கூடாது. பளு தூக்கக் கூடாது. இடுப்பைத் திருப்பக் கூடாது. படுக்கையில் புரண்டால் தோளும் இடுப்பும் மரக்கட்டை மாதிரி ஒன்றாகப் புரளணும். பெல்ட் போட்டுக்கொண்டு தினமும் நடக்கணும். இது டாக்டர் கட்டளை. ஸ்குரூ அவளுக்கு, முடுக்கியது என்னை.

“ஏங்க, இந்த ரசத்துல புளி எங்க?”

“போட்டேனே.”

“எந்த வீட்டு ரசத்துல?”

சாயங்காலம் செக்காலை ரோட்டில் நடை. கல்யாணமான புதிதில் பிள்ளையார்பட்டிக்கு நடந்தே போனோம். வழியெல்லாம் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நடுவழியில் மழை. நனைந்த வேட்டியோடு நான் தத்தளித்ததைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் என்ன ஆனதோ, எங்கே போனாலும் நான் பத்தடி முன்னால், அவள் பின்னால். இப்போது டாக்டர் புண்ணியத்தில் மறுபடியும் அவள் கை என் கையில்.

நடை இனித்தது. பாத்திரம் இனிக்கவில்லை. தேய்த்துத் தேய்த்து என் ரேகையே அழிந்து, ரேஷன் கடை மெஷின் என்னை யாரென்றே தெரியாது என்றுவிட்டது. மூன்றாம் மாதம் மொட்டை மாடிக்குப் போய் ரகசியமாக ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

“போன செக்கப்புலயே அம்மாட்ட சொல்லிட்டோமே சார்,” என்றார் நர்ஸ். “நின்னுக்கிட்டு சமைக்கலாம், சின்னச் சின்ன வேலை பாக்கலாம்.”

நான் எக்ஸ்ரே வாங்கப் போயிருந்த நேரத்தில் சொல்லியிருக்கிறார்கள்! கீழே ஓடினேன்.

“மாட்டிக்கிட்டியா! ஏன் மறைச்ச?”

அவள் அசரவில்லை. “நான் அடுக்களைக்குப் போயிட்டா, நீங்க பழையபடி முன்னால போயிருவீகளே.”

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“சரி, நாளையிலேர்ந்து நானே சமைக்கிறேன்,” என்று எழுந்தாள்.

“வேணாம், உக்காரு! சமையலும் நான்தான், நடைக்கும் கூட வருவேன்.”

“எப்பவுமா?”

“சத்தியமா.”

அனுசுயா கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் மகளுக்குப் போன் போட்டாள்.

“அகல்யா, பந்தயத்துல நீ தோத்துட்ட. உங்கப்பா சத்தியமே பண்ணிட்டாக!”