அந்தப்புரச் சுவரில் எட்டாவது துளை

உலகில் எழும்பிய சுவர்களிலேயே மாண்பு மிக்கது எங்கள் அரசரின் படுக்கையறைக்கும் அரசியாரின் படுக்கையறைக்கும் நடுவில் நிற்பதுதான். கட்டிய கொத்தனார் நானே சொல்கிறேன்.

அரச தம்பதிக்குள் மனத்தாங்கல். முதலில் பேசுகிறவர் தோற்றவர் என்பது அரச குலத்து முறை. அதனால் இருவரும் பேசவில்லை. தலைமை மந்திரி அமைத்த ‘இல்லற நல்லிணக்கக் குழு’ பதினோரு முறை கூடி, முகம் பார்க்காவிட்டால் சண்டையே வராது என்று கண்டுபிடித்து, நடுவில் சுவர் எழுப்பச் சொன்னது. இனிச் சேதிகளை மந்திரியே சுமப்பாராம். என்ன தியாகம்!

“ஒரு சொல் இந்தச் சுவரைத் தாண்டிச்சுன்னாலும் ஆயுசுக்கும் நீ கல்லுதான் உடைக்கணும்” என்று என்னையும் ஆசீர்வதித்தார்.

சாரம் கட்டச் சுவரில் மூங்கில் செருகுவோம். வேலை முடிந்ததும் உருவித் துளையை அடைப்போம்.

கலவை சுமந்த என் மனைவி கேட்டாள்: “எட்டு மூங்கில் செருகினே. ஏழு துளைதானேய்யா அடைச்சே?”

“எண்ண வந்துட்டா பெரிய மந்திரி! போய்ச் சட்டியக் கழுவு.”

ஒரு வருடம் கழித்து வெள்ளையடிக்கப் போனேன். அரசர் திரைச்சீலைக்குள் தலையை விட்டு, எட்டாவது துளையோடு பேசிக்கொண்டிருந்தார்.

“உன்னைப் பூசணிக்கான்னு நான் சொல்லவே இல்லம்மா.”

“நானும் உங்களைச் சோம்பேறின்னு சொல்லலீங்க. எல்லாம் மந்திரி வந்து சொன்னதுதான்.”

“அப்ப ஒரு வருஷமா நாம யாரோட சண்டை போட்டோம்?”

எனக்குக் கண் கலங்கியது. சுண்ணாம்புதான் காரணம். பின்னால் மந்திரி நின்றிருந்தார்.

மறுநாள் சபையில் என்னை நிறுத்தி, மந்திரி அரச தம்பதியிடம் பணிவோடு கேட்டார்: “துளையில முதல்ல பேசினது யாருங்க?”

அரசர் அரசியைப் பார்த்தார். அரசி அரசரைப் பார்த்தார்.

“துளையா? எந்தத் துளை?” என்றார் அரசர்.

“நான் பார்த்ததே இல்லையே” என்றார் அரசி.

“மகாராஜா, நேத்து நீங்களே...” என்றேன்.

“யாரு இவன்?” என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

ஓலை தயாராகவே இருந்தது: வேலையில் குறை வைத்த கொத்தனாருக்கு ஆயுள் முழுக்கக் கல்லுடைப்பு. அரசர் முத்திரை வைத்தார். பக்கத்திலேயே அரசியும் வைத்தார். திருமணத்துக்குப் பின் இருவரும் சேர்ந்து முத்திரை வைத்த முதல் ஆணையாம் அது. நல்லிணக்கம் மலர்ந்ததென்று சபையே எழுந்து கைதட்டியது.

கையில் விலங்கு இருந்ததால் என்னால்தான் தட்ட முடியவில்லை.