ஒருவழிப் புறாத் தபால்

இந்த வருஷம் குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தாலும் சரி, தேனும் பாலுமாக விழுந்தாலும் சரி, மச்சினன் வீட்டு ஈரத்துணியைச் சுமக்கப்போவதில்லை என்று ஆறுமுகநயினார் முடிவெடுத்தார். முடிவை வீட்டில் சொல்லவில்லை. அவர் எடுத்த முடிவுகளில் நீண்ட நாள் உயிரோடு இருந்தவை எல்லாம் கோமதியம்மாள் காதுக்குப் போகாதவைதான்.

தென்காசியில் அவர் மலைச்சரக்குக் கடை வைத்திருந்தார். ஏலம், கிராம்பு, தேன். கடையில் அவர் சொன்னதுதான் சட்டம். வீட்டில் சட்டம் அடுப்படியிலிருந்து வரும்.

தென்காசிக்காரனுக்கு ஆண்டவன் அருவியைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு, அதற்கு வரியாகச் சொந்தக்காரர்களையும் கொடுத்திருக்கிறான். வெயில் காலத்தில் ஒருத்தன் எட்டிப் பார்க்கமாட்டான். மேற்கே மேகம் இறங்கி முதல் சாரல் விழுந்ததும், விளாத்திகுளத்தில் இருக்கும் பரமசிவனுக்கு அக்காள் ஞாபகம் பொங்கிவிடும். பெண்டாட்டி, பிள்ளைகள், மாமியார், மாமியாரின் தங்கை சகிதம் வந்து இறங்குவான். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், மறுபடியும் பேரருவி. அவர்கள் குளிப்பார்கள். ஆறுமுகநயினார் கரையில் நிற்பார். ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம், மறு கையில் ஈரத்துணி மூட்டை, தோளில் யார் பெற்றதோ ஒரு குழந்தை. குரங்கு வந்தால் விரட்ட வாய் மட்டும் மிச்சம் இருக்கும். போன வருஷம் ஒரு குரங்கு அவரைப் பார்த்துப் பாவப்பட்டு ஒதுங்கிப் போனதாக அவருடைய சிநேகிதர் நல்லதம்பி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

இந்த நல்லதம்பிதான் விமோசனத்துக்கு வழி சொன்னவர். குற்றாலத்துக்கு மேலே, செண்பகாதேவி அருவியையும் தாண்டி, ஆற்றங்கரையில் ஒரு கிராம்புத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அதில் ஓட்டுச் சாய்ப்பு ஒன்று இருந்தது. சீட்டுக்கட்டு, நாட்டுக்கோழி, நல்ல தூக்கம். பரமசிவன் வந்துவிட்டுப் போகிறவரைக்கும் அங்கேயே கிடக்கலாம்.

வீட்டில் வேறு கதை சொன்னார். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் அச்சங்கோயில் காட்டில் தேன் மலிவாகக் கிடைக்கிறதாம், போய்ப் பார்த்து வரவேண்டும் என்றார். கதைக்குக் கொஞ்சம் கனம் சேரட்டும் என்று யானையையும் சேர்த்தார். அங்கேதான் தப்புப் பண்ணினார்.

"யான திரியுத காட்டுக்குப் போறீய. ஒரு தாக்கல் எப்படி வரும்?" என்றாள் கோமதியம்மாள்.

"காட்டுக்குள்ள ஏதுட்டி தாக்கல். போனா வந்தாத்தான்."

"அப்படின்னா போவாண்டாம்."

தகவலுக்கு நம்பகமான சாதனம் ஒன்று ஏற்பாடு செய்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும், இல்லையென்றால் பேசாமல் கடையில் உட்காரட்டும், தம்பி வேறு வருகிறான் என்று சொல்லிவிட்டு அவள் உளுந்து களையப் போய்விட்டாள்.

ஆறுமுகநயினார் சாதனம் தேடிப் புறப்பட்டார். தந்தி கொடுக்கக் காட்டில் ஆபீஸ் இல்லை. டிரங்க் கால் போட மரம்தான் இருக்கிறது. கடைசியில், சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிய சாமான்களை வாங்கி விற்கிற கடையில் ஒரு வயர்லெஸ் பெட்டியைக் கண்டார். பச்சை இரும்புப் பெட்டி. தூக்க இரண்டு ஆள் வேண்டும். தலையில் மாட்டிக்கொள்ள இரண்டு காது. கடைக்காரர் இன்னொரு பெட்டியோடு தன் தம்பியைத் தெருக்கோடிக்கு அனுப்பிப் பேசவைத்தார். அப்பளம் பொரிகிற சத்தத்துக்கு நடுவே ஆள் பேசுவது தெளிவாகவே கேட்டது.

ஆறுமுகநயினாருக்குச் சந்தேகம் வந்தது. "நான் பேசினா வீட்டுக்குக் கேக்கும், சரி. வீட்டுல பேசினா?"

"அதுவும் கேக்கும் அண்ணாச்சி. எந்தக் காட்டுல இருந்தாலும் உங்க காதுக்குள்ளயே வந்து பேசுத மாதிரி இருக்கும்."

அவர் உடனே அந்தக் காதுகளைக் கழற்றி வைத்துவிட்டார். கோமதியம்மாளின் குரலைக் கூலி கொடுத்து மலையேற்றிக்கொண்டு போக அவருக்கு என்ன பைத்தியமா?

வெறுத்துப்போய் வீடு திரும்பியவர் அடுத்த வீட்டு மாடியைப் பார்த்தார். சேக் தாவூது பந்தயப் புறா வளர்க்கிறவர். மாடி நிறையக் கூண்டு. ஆறுமுகநயினார் படியேறினார். பறவைகளின் பெருமையைச் சேக் தாவூது விஸ்தாரமாகச் சொன்னார். மணியாச்சியில் கொண்டுபோய் விட்டாலும், மதுரையில் கொண்டுபோய் விட்டாலும், நேரே இந்தக் கூட்டுக்கு வந்துவிடுமாம்.

"அது சரி தாவூது. இங்கனேருந்து என் பெண்டாட்டி ஒரு தாக்கல் கட்டிவிட்டா, நான் இருக்க எடத்துக்கு வருமா?"

சேக் தாவூதின் முகம் வாடிவிட்டது. "அது மட்டும் நடக்காது அண்ணாச்சி. அதுக்குத் தெரிஞ்சது அது கூடுதான். ஒருவழிதான்."

ஆறுமுகநயினார் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. உலகத்தில் புருஷன்மார்களுக்கென்றே படைக்கப்பட்ட தபால் இது என்று அவருக்குப் பட்டது.

ராஜாக்கள் காலத்திலிருந்து படைகளே நம்பியிருந்த சாதனம் என்று மனைவிக்கு எடுத்துச் சொன்னார். சேக் தாவூதின் மனைவி அலிமா சீட்டை அவிழ்த்துச் சுவருக்கு மேலாக நீட்டுவாள் என்றார். கோமதியம்மாள் ஒன்றுதான் கேட்டாள். "நான் ஒண்ணு சொல்லணும்னா?"

"விஞ்ஞானம் இன்னும் அவ்வளவுக்கு வரலட்டி."

"சரி, போயிட்டு வாங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் சரி சொல்லி அவர் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் யோசிக்க மறந்துவிட்டார்.

தோட்டத்துச் சாய்ப்பு சொர்க்கமாக இருந்தது. நல்லதம்பி கோழிக்குழம்பு வைத்தார். ஆறுமுகநயினார் சாப்பிட்டார், சீட்டாடினார், தூங்கினார், எழுந்து மறுபடி சாப்பிட்டார். சாரல் வெறித்த நேரம் பார்த்து, சேக் தாவூதிடம் வாங்கிக் கூண்டில் கொண்டுவந்திருந்த புறாக்களில் முதலாவதை விட்டார். 'அச்சங்கோயில். யானைக் கூட்டம் கண்டேன். ஒளிந்து தப்பினேன். நலம்.' புலியையும் போடும்படி நல்லதம்பி சொன்னார். புலி அடுத்த புறாவுக்கு என்று ஆறுமுகநயினார் சிக்கனம் பார்த்தார்.

மறுநாள் வேட்டியை ஆற்றில் அலசிப் பாறையில் விரித்துக் கல் வைத்துவிட்டு, நல்லதம்பியின் கைலியைக் கட்டிக்கொண்டு ஆட்டத்துக்கு உட்கார்ந்தார். மேலே எங்கோ மழை கொட்டியிருக்க வேண்டும். ஆறு சட்டென்று செம்மண் நிறமாகி ஏறியது. கல்லும் போயிற்று, வேட்டியும் போயிற்று. எட்டு முழம் போனால் போகிறது, ஈரத்துணி சுமக்கிறவன் சுமக்கட்டும் என்று சிரித்துவிட்டுச் சீட்டைக் கலைத்தார். மறுநாள் விடிந்ததும் புலியைப் புறாவில் ஏற்றி அனுப்பினார்.

அதற்கு அடுத்த நாள் உச்சிப்பொழுதில் ஒற்றையடிப் பாதையில் பேச்சுக்குரல் கேட்டது. யாரோ செண்பகாதேவி அம்மன் கோயிலுக்கு வந்து வழிதவறியவர்கள் என்று நினைத்துத் தலையை நிமிர்த்தினார். முன்னால் கோமதியம்மாள் வந்துகொண்டிருந்தாள். பின்னால் பரமசிவன், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள், மாமியார், மாமியாரின் தங்கை. ஆறுமுகநயினார் கையில் அப்போதுதான் நல்ல சீட்டு சேர்ந்திருந்தது.

கோமதியம்மாள் இடுப்பிலிருந்த ஒரு மூட்டையை அவிழ்த்து உதறினாள். அவர் வேட்டி.

"அச்சங்கோயில்லருந்து இப்பத்தான்…" என்று ஆரம்பித்தார்.

அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. முந்தாநாள் பேரருவியில் பரமசிவன் குளித்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஏதோ வந்து தலையில் விழுந்து சுற்றிக்கொண்டதாம். மலைப்பாம்பு என்று அவன் போட்ட சத்தத்தில் ஆண்கள் பக்கம் காலியாகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் வேட்டி. ஓரத்தில் அவர்கள் வீட்டுத் துணிகளுக்குச் சலவைக்காரர் போடுகிற குறி. அத்தானை ஆறு கொண்டுபோய்விட்டது என்று பரமசிவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். மாமியார் ஒப்பாரிக்குத் தொண்டையைச் செருமினாள். கோமதியம்மாள்தான் எல்லாரையும் அதட்டி நிறுத்தினாள். புறா வரட்டும், அதற்கு முன்னால் யாரும் அழக்கூடாது என்று சொல்லிவிட்டாள். நேற்றுக் காலையில் அலிமா சுவருக்கு மேலாகப் புலியை நீட்டினாள்.

ஆறுமுகநயினார் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "அச்சங்கோயில் ஆத்துல அலசும்போது கைதவறிப் போனதுட்டி அது."

"அந்த ஆறு மேக்காமல்லா பாயுது. உங்க வேட்டி எதுத்து நீந்தி, மலையேறி, குத்தாலத்துல வந்து குதிச்சுதா?"

நல்லதம்பி கோழி பிடிக்கிற சாக்கில் தோட்டத்துக்குள் மறைந்துவிட்டார்.

ஆறுமுகநயினாருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வருத்தமாக இருந்தது, எவ்வளவு நல்ல திட்டம். பரமசிவனுக்கு மட்டும் உண்மையான சந்தோஷம். அத்தான் உயிரோடிருக்கிற சந்தோஷம் பாதி, இடத்தைப் பார்த்த சந்தோஷம் பாதி. "கூட்டமே இல்லையே அத்தான். இனிமே வருஷா வருஷம் இங்கனயே தங்கிருவோம்" என்றபடி சட்டையைக் கழற்றினான். கொஞ்ச நேரத்தில் மொத்தக் குடும்பமும் தண்ணீரில் இருந்தது. மாமியார் கரையில் உட்கார்ந்து எண்ணெய் கேட்டாள்.

"பொறா நீங்க உசிரோட இருக்கீயன்னு சொல்லிச்சு. ஆறு நீங்க எங்கன இருக்கீயன்னு சொல்லிச்சு" என்றாள் கோமதியம்மாள். பிழிந்த சேலை ஒன்றை அவர் தோளில் போட்டாள். பிறகு, யோசித்துப் பார்த்தவள் போலச் சொன்னாள்.

"அடுத்த சீசனுக்கும் ஒளியணும்னா ஆத்துக்கு மேலயே ஒளிங்க. தாக்கல் ஒழுங்கா வருது."