இமயத்து இளவரசிக்கு முளைத்த குடுமி

சந்தேகம் என்ற ஒன்றை எனக்குள் வைக்கக் கடவுள் மறந்துவிட்டார். (மற்றதையெல்லாம் சரியாக வைத்தாரா என்று கேட்டால், வீட்டில் இன்னும் யாரும் உறுதி சொல்லவில்லை.)

ஒரு மார்கழிக் காலையில் கோமுகி அணையில் முங்கி முங்கி இரை தேடிய ஒற்றை வாத்தைப் படம் எடுத்தேன். உடம்பெல்லாம் பழுப்பு, அலகைச் சுற்றி வெள்ளை. பறவைப் புத்தகத்தைப் பாதி புரட்டியதுமே, நம் பக்கம் வராத அரிய வகைப் பெண் வாத்து என்று முடிவுகட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

"சாதாரண குடுமி வாத்தா இருக்கும். ஆணுங்க எளசுல, மொதல் பனிக்காலத்துல, இப்படித்தான் இருக்கும்" என்று எழுதியது கயல்விழி மட்டும்தான். நான் கட்டிக்கொள்ளத் தவித்துக்கொண்டிருந்த அதே கயல்விழி.

"பொண்ணேதான். எழுதி வெச்சிக்கோ" என்றேன்.

சின்னசேலத்தில் என் செல்போன் கடைக்கு வரும் நண்பர்கள் என்னைவிட மோசம். அணைக்கரையில் ஃப்ளெக்ஸே கட்டிவிட்டார்கள். 'இமயம் தாண்டி வந்த இளவரசியே வருக! கண்டெடுத்த எங்கள் அண்ணனே வாழ்க!' அதில் வாத்து தம்மாத்தூண்டு. கூலிங்கிளாஸ் போட்ட நான் ஆளுயரம்.

மாசியில் கயல்விழியின் அப்பா மூங்கில்துறைப்பட்டிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். கரும்பு விவசாயி. பையனின் வாய்ச்சொல் சுத்தமாக இருந்தால்தான் பெண் என்பது அவர் கண்டிஷன். ஃப்ளெக்ஸ் சங்கதி அவர் காதுக்கும் போயிருந்தது.

"அந்த இளவரசிய நானும் பாக்கணும் தம்பி" என்றார். மகளும் பைனாகுலரோடு கூடவே வந்தாள்.

அணையில் அந்த ஒரே வாத்துதான் இருந்தது. ஆனால் தலை கரேலென்று மின்னியது. பின்னந்தலையில் குட்டிக் குடுமி. விலாவில் பழுப்பை விலக்கிக்கொண்டு வெள்ளை வந்திருந்தது.

அவர் ஃப்ளெக்ஸைப் பார்த்தார், வாத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி இது?"

"இது வேற வாத்துங்க. இளவரசி எங்கியாச்சும் போயிருக்கும்."

"அதேதான்ப்பா" என்றாள் கயல்விழி, ஈவு இரக்கமே இல்லாமல். "பையன். எறகு மாத்திக்கினு இருக்குது. வெலாவுல பழசு இன்னும் ஒட்டிக்கினு இருக்குது பாரு."

வாத்து முங்கிவிட்டது. அதற்கு அந்த வசதி இருந்தது. நான் என் ஆளுயரப் படத்துக்குக் கீழே நின்றேன். என் கல்யாணம் என் கண்ணெதிரே தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஆணா பொண்ணான்னு தெரியாதது தப்பில்ல தம்பி. தெரியலன்னு சொல்ல வாய் வரலியே!" என்றவர் மகளிடம் திரும்பினார். "இது முழுசா எப்பம்மா மாறும்?"

"அடுத்த மார்கழிக்கு வந்தா சுத்தமா கறுப்பு வெள்ளையா இருக்கும்ப்பா."

"அப்ப இவரயும் அடுத்த மார்கழில பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அந்த ஒரு வருடத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். ஃப்ளெக்ஸாவது கிழிந்து தொலைந்ததா? யாரோ அதை மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருந்தார்கள். மாடுகள் என்னை அண்ணாந்து பார்த்து அசைபோட்டன.

மறு மார்கழியில் அவரே வந்து, அணையில் ஒரு வாத்தைக் காட்டி ஆணா பெண்ணா என்று கேட்டார்; "தெரியலீங்க, உங்க பொண்ணக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். தையில் கல்யாணம் நடந்தது.

பிறகு ஒருநாள், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பிரசவ அறையிலிருந்து ஓடிவந்து, "பொண்ணு பொறந்திருக்கு!" என்று கத்தினேன். சொந்தக்காரர்கள் சர்க்கரையை நீட்டினார்கள். மாமனார் மட்டும் வாங்கவில்லை.

"நர்ஸம்மா சொன்னாங்களா, மாப்ள சொன்னாரா?" என்று கேட்டார். "மாப்ள சொன்னாருன்னா மார்கழி வரைக்கும் பொறுங்க."