கொக்கி மாதிரி ஓர் எழுத்து

"கொக்கி மாதிரி இருக்குங்க," என்றார் காப்பாளர், திரைக்குப் பின்னாலிருந்து.

"கொக்கி எந்தப் பக்கம் வளையுது?" என்று கேட்டார், திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பேராசிரியை.

"வாசல் பக்கம்."

"வாசல் எந்தப் பக்கம்?"

"உங்க வலது கைப் பக்கம்மா."

நிறையப் படித்தவர்களுக்குச் சுவடியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது போலிருக்கிறது என்று காப்பாளர் நினைத்துக்கொண்டார். பேராசிரியையின் தங்கை நோட்டில் ஏதோ எழுதும் சத்தம் கேட்டது.

அந்தப் புனிதச் சுவடியைச் சபையின் காப்பாளர் தவிர யாரும் கண்ணால் பார்க்கக் கூடாது. காப்பாளரோ அந்தப் பழைய எழுத்தைப் படிக்கத் தெரியாதவராக இருக்க வேண்டும். மொழி என்னவோ இன்றும் பேசுகிற மொழிதான், எழுத்துதான் மாறிவிட்டது. பார்க்கிறவருக்குப் படிக்கத் தெரியாது, படிக்கத் தெரிந்தவரால் பார்க்க முடியாது என்ற இந்த ஏற்பாடு முந்நூறு வருடமாக ஒரு குறையும் இல்லாமல் நடந்து வந்தது.

பேராசிரியை பதினோரு வருடத்தில் ஒன்பது முறை அனுமதி கேட்டு எழுதினார். ஒன்பது முறையும் மறுப்புக் கடிதத்தைத் தபாலில் சேர்த்தவர் காப்பாளர்தான். கடைசியில் ஆராய்ச்சியாளர்கள் கூட்டமாக வந்து சபை வாசலில் உட்கார்ந்தார்கள். அறிவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றது ஒரு பத்திரிகை. நம்பிக்கையைச் சீண்டிப் பார்க்கிறார்கள் என்றது இன்னொன்று. சபை நான்கு நாள் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தது. பேராசிரியை அறைக்குள் வரலாம். ஆனால் பார்க்கக் கூடாது. அவர் வருமுன்பே காப்பாளர் சுவடியோடு திரைக்குள் போய்விட வேண்டும். எழுத்தின் வடிவத்தைக் காப்பாளர் வாயால் சொல்ல, தங்கை எழுதிக்கொள்ளலாம். கடைசி ஏடு மட்டும். ஒரு மாதம்.

இது பச்சை அவமானம், ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று சக ஆராய்ச்சியாளர்கள் கொதித்தார்கள். பேராசிரியை மறு தபாலில் சம்மதம் அனுப்பினார். ரோஷமில்லாதவர் என்று பேசிக்கொண்டார்கள்.

காப்பாளரின் மனைவிக்குத்தான் பயம். சபையின் பின்கட்டில் இரண்டு அறை வீடு அவர்களுக்கு. வேலை போனால் வீடும் போகும்.

"இருபத்திரண்டு வருஷம் ஒழுங்கா இருந்தாச்சு. இந்த ஒரு மாசம் வாயை அடக்கிட்டு இருங்க."

"வாயால சொல்றதுதாண்டி இப்ப வேலையே," என்றார் காப்பாளர்.

முதல் வாரம் கொக்கி, குடைக்கம்பி, கவிழ்த்த செருப்பு என்று வேலை நன்றாகவே ஓடியது. செருப்பு என்ற சொல் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டிருந்த சபைச் செயலாளரின் காதில் விழுந்தது.

"புனித எழுத்தைச் செருப்புன்னா சொல்றீர்?"

"கவிழ்ந்துதாங்க இருக்கு."

இனி கோடு, வளைவு, புள்ளி என்ற மூன்று சொல்லுக்கு மேல் பேசக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதன்பிறகு ஒரு வரிக்கு இரண்டு நாள் பிடித்தது. காப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"அம்மா, நான் ஒரு தாள்ல வரைஞ்சு திரைக்கு அடியில தள்ளிடட்டுமா? யாருக்குத் தெரியப் போகுது?"

"வேண்டாங்க. நீங்க சொல்லுங்க, போதும்."

சபையை விடக் கறாரான பெண்மணியாக இருக்கிறாரே என்று காப்பாளருக்கு வியப்பாக இருந்தது. பேராசிரியையே வேறு யோசனை சொன்னார். மொத்தம் முப்பத்தொரு எழுத்து; ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைத்துக்கொண்டால் எண்ணை மட்டும் சொன்னால் போதும். செயலாளருக்கும் அதில் குற்றம் காண முடியவில்லை.

வேலை பறந்தது. காப்பாளர் எண்களைச் சொல்வார், பேராசிரியை அவற்றைச் சொற்களாக்கி உரக்கச் சொல்வார், தங்கை எழுதுவாள். இருபத்திரண்டு வருடம் தூசி தட்டிய ஏடு தன்னிடம் பேசுவதை அவர் முதல் முறையாகக் கேட்டார். கோபம், சாபம் ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தார். வழி தவறி வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதைப் பற்றி இருந்தது. அன்று வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இருபத்தாறாம் நாள் பேராசிரியை ஒரு வரியைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். "வருகிறவரை முதலில் விசாரி, பிறகு..."

"விசாரி இல்லைங்கம்மா," என்றார் காப்பாளர். "உட்கார வைன்னு இருக்கு."

செயலாளர் கதவருகே வந்து நின்றார்.

"உமக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்புறம் எப்படிச் சொன்னீர்?"

காப்பாளர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"இப்பத் தெரியுதுங்க."

"சாயங்காலம் சாவியைக் கொடுத்துடும்," என்று சொல்லிவிட்டு, சபைத் தலைவருக்குத் தகவல் சொல்லச் செயலாளர் வேகமாகப் போனார்.

ஏட்டில் இன்னும் மூன்று வரி இருந்தது. புதுக் காப்பாளர் வந்து முப்பத்தொரு எண்ணையும் பழகுவதற்குள் மாதம் முடிந்துவிடும். திரைக்கு அப்பால் பேராசிரியையின் குரல் உடைந்தது.

"என்னாலதான் ஐயா. உங்க வேலையும் போச்சு, வீடும் போச்சு."

காப்பாளருக்கு மனைவியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் உட்கார வை என்று எழுதியிருக்கிற ஏட்டை இப்படித் திரை போட்டு மூடி வைத்தோமே என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. எழுந்தார். முந்நூறு வருடத்தில் யாரும் செய்யாததைச் செய்தார். திரையை முழுக்கச் சுருட்டி மூலையில் வைத்தார்.

"போறது போயாச்சு. பதினோரு வருஷமாக் கேட்டீங்க, ஒன்பது தடவை இல்லைன்னேன். வாங்கம்மா, உங்க கண்ணாலயே நல்லாப் பாருங்க."

பேராசிரியை எழுந்திருக்கவில்லை. கன்னத்தில் நீர் வழிந்தது. முகம் ஜன்னல் பக்கம் இருந்தது.

"நீங்களே படிங்க ஐயா," என்றார் மெதுவாக. "நீங்க படிச்சு நான் கேட்கிறேன்."

"இன்னுமாம்மா விதி?" காப்பாளருக்குக் கோபமே வந்துவிட்டது.

தங்கை நோட்டை மடியில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அக்காவுக்குப் பார்வை போயி மூணு வருஷம் ஆச்சுங்க. பார்க்கக் கூடாது, ஒருத்தர் சொல்லக் கேட்டுக்கணும்னு உங்க சபை போட்ட கடிதாசியைப் படிச்சுக் காட்டினேன் பாருங்க, அன்னைக்குத்தான் மறுபடியும் சிரிச்சாங்க."