உயிரோடிருக்கும் தெய்வத்திரு

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய காங்கேயம் அங்கப்பன் பெரியப்பா அவர்களுக்கு,

துடியலூரிலிருந்து உங்கள் தம்பி மகள் ஹர்ஷிணி, ஒன்பதாம் வகுப்பு, போர்வைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீங்கள் நலமாக, முக்கியமாக உயிரோடு, இருக்க வேண்டும் என்று மாகாளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஏன் என்பது கீழே வருகிறது.

நாளைக் காலை அப்பாவும் அம்மாவும் சண்முகப்பிரியா அக்காவின் கல்யாணப் பத்திரிகையோடு உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். சாமிக்கு வைத்தபிறகு முதல் பத்திரிகை உங்களுக்குத்தான். தட்டில் வெற்றிலைக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். முதலில் இதைப் படியுங்கள். முடிந்தால் பத்திரிகையைப் பிரிக்காமலே வைத்துவிடுங்கள்.

தப்பு என்னுடையதுதான் பெரியப்பா. போன வருஷம் மேட்டுப்பாளையத்துக் கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயருக்கு முன்னால் ‘திரு’ இல்லை என்று சாப்பிடாமலே பந்தியிலிருந்து எழுந்து வந்தீர்களே, அதிலிருந்து அப்பாவுக்கு உதறல். அச்சகத்துக்குப் பெயர்களை அனுப்பும் வேலையை என்னிடம் கொடுத்தவர், “அம்மணி, எது கொறைஞ்சாலும் போச்சாது, பெரியப்பனுக்கு மரியாதை கொறையக்கூடாது” என்றார். பழைய பத்திரிகைகளைப் பார்த்தேன். எல்லோருக்கும் வெறும் ‘திரு’, உங்கள் அப்பாவான எங்கள் அப்பாரு பெயருக்கு மட்டும் ‘தெய்வத்திரு’. அப்பாரு ஊருக்கே பெரிய மனிதர், அதனால்தான் என்று நினைத்து உங்களுக்கும் அதையே போட்டுவிட்டேன். அச்சக மனோஜ்குமார் அண்ணன் போனில் கேட்கத்தான் கேட்டார்.

“ஏனுங்க அம்மணி, அங்கப்பன் ஐயாவுக்கும் அதேதானுங்களா?”

“ஆமாங்கண்ணா, அதேதானுங்க.”

“அடக் கடவுளே! எப்பங்க?”

“எப்பவுமேதானுங்க!” என்றேன் பெருமையாக.

இன்றைக்கு வகுப்பில் புவனா மிஸ் மரியாதைச் சொல் ஒன்று கேட்டார். துள்ளி எழுந்து ‘தெய்வத்திரு’ என்றேன். “திரு என்றால் செல்வம், சிறப்பு. திருமகளையும் குறிக்கும். அதனால்தான் அதைப் பெயருக்கு முன்னால் வைக்கிறோம். காலமாகி தெய்வத்தோடு சேர்ந்தவர்களுக்குத்தான் தெய்வத்திரு” என்றார். நான் செய்துவைத்ததைப் பக்கத்தில் இருந்த இஃப்ராவின் காதில் சொன்னேன். அவள், “விடுடி, என்னைக்கோ ஒருநா போடத்தானே போறாங்க” என்று ஆறுதல் சொன்னாள். அதற்கப்புறம்தான் அழுகையே வந்தது.

வீட்டுக்கு வந்தால் ஐநூறு பத்திரிகைக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியாகிவிட்டது, ஒருத்தர்கூட உள்ளே படிக்கவில்லை. ஒன்றில் ஒயிட்னர் வைத்துப் பார்த்தேன், உங்கள் பெயருக்கு விபூதி பூசியதுபோல் ஆனது. நீங்கள் கோபித்துக்கொண்டு வராவிட்டால் முன்னால் நின்று அக்கா கல்யாணத்தை நடத்துவது யார்? அதைவிடப் பெரிய பயம், அச்சில் வந்தது பலித்துவிடுமோ என்று. அதனால்தான் பத்து மணிக்கு அப்பா போனிலிருந்து மூன்று முறை அடித்தேன். “தம்பி! ஏஞ்சாமி பேசாம இருக்கறே?” என்று ஒவ்வொரு முறையும் உங்கள் குரல் கேட்டதும் நிம்மதியாக வைத்துவிட்டேன். நீங்கள் திரும்பக் கூப்பிட்டால் மாட்டிக்கொள்வேன் என்று போனையும் அணைத்துவிட்டேன்.

பெரியம்மாவுக்கும் உங்கள் காளைகளுக்கும் என் வணக்கம். நீங்கள் நூறு வயது வரை வெறும் ‘திரு’வாகவே இருக்க வேண்டும்.

இப்படிக்கு, உங்கள் காலில் இப்போதே விழுந்து கிடக்கும்
ஹர்ஷிணி

பி.கு.: மணி ஒன்று. இந்தக் கடிதம் இனித் தேவையில்லை. வாசலில் கார் நின்றது, இறங்கியது நீங்கள்! “என்ற தம்பிக்கு என்னாச்சு? மூணு தடவ கூப்ட்டுப் பேச்சே இல்ல, அப்பறம் போனும் போவுல!” என்று தூக்கக் கலக்கத்தில் வந்த அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்ததே இல்லை. இப்போது அம்மா டீ போடுகிறார். அப்பா, “வந்ததே வந்துட்டீங்க, பத்திரிகைய வாங்கிக்குங்கண்ணா” என்கிறார். நீங்கள் கண்ணாடியைத் தேடுகிறீர்கள். கிடைக்காது பெரியப்பா, தண்ணீர் கொடுக்க வந்தபோது நான்தான் எடுத்துவந்துவிட்டேன்.

ஐயோ. “கண்ணாடி இல்லாட்டி என்னங்கண்ணா, நான் படிக்கறேன், கேளுங்க” என்று அப்பா சத்தமாக ஆரம்பித்துவிட்டார்.