நீல டப்பாவும் என் குடலும்

என் வீட்டில் எனக்கு முழு அதிகாரம் உள்ள ஒரே இடம் என் குடல்தான். அதை எப்படியும் காப்பாற்றியே தீருவது என்று அன்று சாயங்காலம் மாடிப்படி ஏறும்போதே முடிவு கட்டினேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றுகிறவன். வீட்டில் மட்டும் இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. மனைவி அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். பகலெல்லாம் ஊரார் பிழையைத் திருத்திவிட்டு, மிச்சப் பொழுதில் என்னைத் திருத்துவாள்.

ஆறு மாதமாக எனக்கு வயிற்றெரிச்சல். யாரைப் பார்த்தும் இல்லை. நிஜமாகவே வயிற்றில் எரிச்சல். அதற்காகக் காரம் இல்லாமல், எண்ணெய் இல்லாமல், சொன்னால் கோபித்துக்கொள்வாள், ருசியும் இல்லாமல் மதியச் சாப்பாடு கட்டித் தருவாள். ஒருநாள் வேகவைத்த பூசணிக்காய். மறுநாள் வேகவைத்த சுரைக்காய். அதற்கு மறுநாள் இரண்டும் கைகோத்துக்கொண்டு வரும்.

நான் என்ன செய்வேன்? வேலைக்குப் போனதும் சாப்பாட்டுப் பையைத் திறக்காமல் அப்படியே வாட்ச்மேனிடம் நீட்டிவிடுவேன். அவர் சாப்பிட்டு, கழுவி, சாயங்காலம் திருப்பித் தருவார். என் மதியச் சாப்பாடு எதிர்க்கடையில். கடைக்காரர் கொதிக்கக் கொதிக்கக் கோழி சூப்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கித் தருவார். கூடவே பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய பொரித்த கோழி.

அன்று கோழியைச் சுற்றி வந்த தாளில் ஒரு கட்டுரை. பாதியோடு கிழிந்திருந்தது. சூடான சாப்பாட்டைப் பிளாஸ்டிக்கில் வைத்தால் அதிலுள்ள ரசாயனங்கள் சாப்பாட்டில் இறங்கலாம், குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அவை கெடுக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கவலைப்படுகிறார்களாம். எனக்குப் பொறி தட்டியது. பிளாஸ்டிக் ஒழிந்தால் அவள் சாப்பாடு கட்டும் நீல டப்பா ஒழியும். டப்பா ஒழிந்தால் பூசணிக்காய் ஒழியும்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும் முன்பே பேச்சை ஆரம்பித்துவிட்டேன். என் குடலில் கோடிக்கணக்கான ஜீவன்கள் வாடகையில்லாமல் குடியிருப்பதையும், வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்குள்ள பொறுப்பையும் விளக்கினேன். அவள் கீரையை ஆய்ந்தபடியே பொறுமையாகக் கேட்டாள்.

"சரிங்க. இப்ப என்ன செய்யணும்?"

"நாளையிலேருந்து எனக்குச் சாப்பாடு கட்ட வேணாம். நீ சுடச்சுட வைக்கிறே. அந்த நீல டப்பாவுல இருக்கறதெல்லாம் சோத்துல இறங்குது."

"எந்த நீல டப்பா?"

"தினம் தூக்கிட்டுப் போறேனே, அது."

"அதை விட்டு ரெண்டு மாசம் ஆச்சுங்க. இப்ப நீங்க தூக்கிட்டுப் போறது எவர்சில்வர்."

இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி நின்றேன். வேலை அவசரத்தில் டப்பாவை யார் பார்க்கிறார்கள், வாய்க்கும் கைக்கும்தானே வேலை என்று ஏதோ உளறினேன். அவள் நான் கையில் வைத்திருந்த தாளை மட்டும் கேட்டு வாங்கினாள். எண்ணெயில் ஊறி அந்தப் பக்கம் ஜன்னல் தெரிந்தது.

அந்தக் கட்டுரைக்குப் பிழை பார்த்ததே அவள்தானாம். படித்த அன்றைக்கே நீல டப்பாவை மாற்றிவிட்டாளாம்.

"கிழிஞ்சுபோன பாதியில என்ன போட்டிருக்குன்னு தெரியுமா? கொதிக்கிற சூப்பைப் பிளாஸ்டிக் பையில வாங்கிக் குடிக்காதீங்கன்னு."

பிறகு எழுந்துபோய் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுத் துண்டுச்சீட்டு கொண்டுவந்தாள். எல்லாம் டப்பாவுக்குள் வைத்து வந்தவை. முதல் சீட்டில், 'அம்மா, பூசனிக்காய் ரெம்ப நல்லாயிருந்தது' என்றிருந்தது. வாட்ச்மேன் கையெழுத்து. 'ன'வையும் 'ரெ'யையும் சிவப்பு மையால் சுழித்துத் திருத்தியிருந்தாள். திருத்திய சீட்டு மறுநாள் டப்பாவோடு அவரிடம் போகும். அவர் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். சீட்டுக்குச் சீட்டு சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. கடைசிச் சீட்டில் ஒரு பிழைகூட இல்லை: 'பல வருட வயிற்றெரிச்சல் தீர்ந்துவிட்டது. மிக்க நன்றி.'

தெரிந்தும் ஏன் இத்தனை நாள் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

"ஆசையா சாப்பிடற ஒருத்தருக்குச் சமைச்சு எவ்வளவு நாளாச்சு" என்றாள் அவள்.

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. வயிறு வேறு எரிந்தது. சூப்பு, கோழி, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நாளையிலிருந்து அந்தச் சாப்பாட்டை எனக்கே கட்டிக் கொடு, சத்தியமாக நானே சாப்பிடுகிறேன் என்று கெஞ்சினேன்.

அவள் சீட்டுகளை ஒழுங்காக அடுக்கினாள். சற்று யோசித்தாள்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேங்க."