ஸ்லாட்டுக்குள் ஓர் எறும்பு

செஞ்சி,
செவ்வாய் இரவு, மணி ஒன்றே முக்கால்.

மதிப்புக்குரிய வர்த்தமான் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகள் ஜினிஷா வணங்கி எழுதுவது. இங்கு நைனா, அம்மா, ராஜமதி அக்கா மூவரும் நலமாகத் தூங்குகிறார்கள். தாங்களும் அத்தையும் திண்டிவனத்தில் அவ்வாறே தூங்குவீர்கள் என்று நம்புகிறேன். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் நலமாக இல்லை.

மாமா, நீங்கள் கொடுத்துவிட்டுப் போன ரேமை நானே மாட்டிவிட்டேன். "வர்ற ஞாயித்துக்கெழம கடைய மூடிட்டு நானே வந்து மாட்றேன், அதுவரைக்கும் கவரக்கூடப் பிரிக்காத" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் அக்காவின் இன்டர்வியூ நாளைக் காலை பத்து மணிக்கு. டைப் அடித்துக் காட்டும் பரீட்சையும் உண்டு, போனில் முடியாது, கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நேற்று ஒத்திகை பார்த்தபோது அது இரண்டு முறை அப்படியே நின்றுபோனது. திரையில் அக்கா பாதி வாயைத் திறந்தபடி உறைந்து இருந்தாள். ஏற்கெனவே ஏழு இன்டர்வியூ கைநழுவிப் போயிருக்கிறது. இன்று நம் ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்தபோது நைனா தட்டைப் பார்த்துக்கொண்டே, "இதுவும் ஆவலன்னா வியாழக்கெழம மேல்சித்தாமூர்க்காரங்க வந்து பொண்ணப் பாத்துட்டுப் போவட்டும்" என்றார். அக்கா மோர் சாதத்தில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றிக்கொண்டாள். அவளுக்கு மோர் பிடிக்காது மாமா. அதைப் பார்த்த பிறகுதான் கவரைப் பிரிப்பது என்று முடிவு செய்தேன்.

எல்லோரும் படுத்த பிறகு கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே எறும்பு. ஒன்று இரண்டு இல்லை, கல்யாணப் பந்திக்கு வந்த கூட்டம். கம்ப்யூட்டர் மேல் நைனா வேர்க்கடலை உருண்டை டப்பா வைப்பதன் பலன். துணியால் துடைத்தால் செத்துவிடும், ஊதினால் எங்கே போய் விழுமோ தெரியாது. அதனால் பூஜை அறையிலிருந்து மயில்பீலிக் கத்தையை எடுத்து வந்து, வலிக்காமல் தள்ளித் தள்ளி ரெக்கார்டு நோட்டு அட்டையில் ஏற்றி, கொல்லையில் முருங்கை மரத்தடியில் கொண்டுபோய் விட்டேன். மொத்தம் முப்பத்தெட்டு நடை. பீலியைத் திரும்ப வைத்துவிட்டு வந்து, பழைய ரேம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க அதைக் கழற்றினேன், மறுபடி மாட்டினேன், பக்கத்து ஸ்லாட்டில் புதியதை வைத்து அழுத்தினேன். புதியது இரண்டு பக்கமும் டக் என்றது. பழையது ஒரு பக்கம்தான் டக் என்றது. இன்னொரு பக்கம் அடியில் ஏதோ மெத்தென்று இருந்தது. அந்த மெத்தென்று இருப்பது என்னவாக இருக்கும் என்று நினைத்தவுடன் விரலை எடுத்துவிட்டேன்.

சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பு. அப்புறம் பீப் என்று ஒரு சத்தம், லாரி பின்பக்கமாக வருவது போல, நிற்கவே இல்லை. "இன்னாடி சத்தம்?" என்று கூடத்திலிருந்து நைனா கேட்டார். "யூபிஎஸ் நைனா, கரண்ட் வந்து வந்து போவுது" என்றேன். அவர் தலைக்கு மேல் ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அவர் மேலே பார்க்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் போர்வை போர்த்திவிட்டு, அணைத்து, இரண்டு ரேமையும் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, பழையதை மட்டும் போட்டேன், பீப். அதே இடத்தில் புதியதை மட்டும் போட்டேன், பீப். முதல் ஸ்லாட் காலியாக இருந்தால் இரண்டாவது வேலை செய்யாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்த முதல் ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கலாம்தான். பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. நான் அழுத்தியதில் உள்ளே ஓர் எறும்பு நசுங்கியிருந்தால்? ஒரே ராத்திரியில் ஒரு பொய், ஓர் உயிர், அக்காவின் வேலை. பயத்தில் பசி வேறு எடுக்கிறது, இந்நேரத்தில் சாப்பிடவும் கூடாது.

நைனாவின் போன் அவர் தலையணைக்கு அடியில். அக்கா தன் போனைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறாள். ஆகவே இந்தக் கடிதத்தை நாலரை மணிக்குத் திண்டிவனம் புறப்படும் பால் வண்டிப் பச்சமுத்து அண்ணனிடம் கொடுத்துவிடுவேன். கண்டவுடன் பஸ் ஏறுங்கள். அக்காவை வாழ்த்த வந்ததாகச் சொல்லுங்கள். நைனாவை வாசலில் நிறுத்தி நெல் விலை பற்றிக் கேளுங்கள், அரை மணி நேரம் போய்விடும். அதற்குள் அம்மா உங்களுக்குக் காபி போடுவாள், நான் ஸ்க்ரூ டிரைவரோடு தயாராக இருப்பேன். ஸ்லாட்டுக்குள் நீங்கள்தான் பார்க்க வேண்டும். எறும்பாக இருந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம். அருகன் அருளால் தங்கள் கடையில் எந்தக் கம்ப்யூட்டரும் பீப் அடிக்காதிருக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படியாத மருமகள்,
ஜினிஷா

பி.கு.: மணி மூன்றேகால். மனசு கேட்காமல் பார்த்துவிட்டேன். எறும்பு இல்லை மாமா. எறும்பே இல்லை. மயில்பீலியின் ஓர் இழை, சுருண்டு கிடந்தது. ஹேர்பின்னால் எடுத்தேன், இரண்டு ரேமையும் மாட்டினேன், டக், டக், கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் பீலியைத் திரும்ப வைத்த பிறகுதானே நான் ரேமைக் கழற்றினேன், அதற்கு அடியில் இழை எப்படிப் போனது என்று யோசித்துக்கொண்டே திரும்பினால் பின்னால் நைனா. "ஞாயித்துக்கெழம பீலியால எறும்பு தள்றன்னு நான்தான் அந்தப் பச்சத் தகட்ட, அதான் அந்த ரேமு, கழட்டித் தொடச்சேன். அதுலருந்துதான் அது நின்னு நின்னு போவுது" என்றார். முதல் பீப்புக்குக் குரல் கொடுத்த பிறகு அவர் தூங்கவே இல்லையாம், நான் கேள்வி கேட்பேனோ என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டே கிடந்தாராம். ஆக, இன்று ராத்திரி நான் புதிய ரேமைத் தொட்டே இருக்க வேண்டாம். "அக்காகிட்ட சொல்லிடாத" என்றார். "வியாழக்கெழம?" என்றேன். அவர் அந்த இழையை எடுத்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, "அவுங்கள வர வேணாம்னு சொல்லிட்றேன்" என்றார்.

எனவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஆனாலும் இதைப் பால் வண்டியில் அனுப்பச் சொன்னவர் நைனாதான். ஏனென்றால், பக்கத் தகட்டை மூடிய பிறகு மேசையில் ஒரு ஸ்க்ரூ மீந்திருக்கிறது. அது அவர் கழற்றியதா, நான் கழற்றியதா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.